வீதி எவருக்குச் சொந்தம்?

நகரப் போக்குவரத்தைப் பற்றிய சர்ச்சை நமது நாட்டிலே பெரும்பாலும் மோட்டார்க் காரின் பின்னாசனத்தில் அமர்ந்தபடியே நடத்தப்பட்டு வருகிறது. எந்த வீதியை அகலமாக்குவது, எந்தச் சந்தியில் மேம்பாலம் கட்டுவது, கார்களை நிறுத்தி வைக்க எங்கே மாடிக் கட்டடம் எழுப்புவது என்பனவே அச்சர்ச்சையில் எழும் வினாக்கள். சாந்தகப்பையைக் கரியரில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வேலைத்தலத்துக்குச் சைக்கிள் மிதிக்கும் மேசன் தொழிலாளியும், பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிச் செல்லும் கடைச் சிப்பந்தியும், நடைபாதை இல்லாத வீதியோரத்தில் வடிகான் மூடிமேல் கால் வைத்து நடந்து போகும் பள்ளிப் பிள்ளையும் இந்தச் சர்ச்சைக்குள் வருவதே இல்லை. அவர்கள் வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: நெரிசலுக்குக் காரணம் யாரென்று விசாரிக்கும்போது குற்றவாளிகளாக அழைத்து வரப்படுகின்றனர்.

இப்போது இந்தச் சர்ச்சையிலே புதியதொரு சொல் புகுந்துள்ளது. துவிச்சக்கரவண்டி, மின்கலத்தின் துணையோடு ஓடும் சைக்கிள், நின்றபடி செலுத்தும் மின் ஸ்கூட்டர் முதலிய சிறு ஊர்திகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி ‘நுண் போக்குவரத்து’ என்று மேல்நாட்டு நகரத் திட்டக்காரர்கள் பெயர் சூட்டியுள்ளனர். சொல் புதியது, பொருளோ நமக்குப் பழையது. மீன் பெட்டியைப் பின்னால் கட்டியவரும், பாளைக்கத்தியோடு தோப்புத் தோப்பாகச் சென்ற சீவல் தொழிலாளியும், புத்தகக் கட்டோடு பாடசாலைக்குப் போன ஆசிரியரும் எந்தப் பெயர் சூட்டலுக்கும் காத்திராமல் இந்தப் போக்குவரத்தை நடத்தி வந்திருக்கின்றனர். அவர்கள் மிதித்த காலத்தில் அது ஏழ்மையின் அடையாளம் எனப்பட்டது. பணம் படைத்தோரின் பார்வை அதன்மீது விழுந்ததும் அது நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது.

எந்த ஊர்தி சிறந்தது, அது காலால் ஓடுவதா, மின்சாரத்தால் ஓடுவதா, எந்தக் கம்பனி அதை வாடகைக்கு விடுவது என்பன பின்னர் வரவேண்டிய கேள்விகள். பொதுமக்களின் பணத்தால் அமைக்கப்பட்ட வீதியை எவருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது என்பதே முதற்கேள்வி. இந்த முதற்கேள்வியை மறைப்பதற்காகவே மற்றைய கேள்விகள் உரத்துக் கேட்கப்படுகின்றன என்பது நமது குற்றச்சாட்டு.

நிலப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போது நாம் ஏக்கர்க் கணக்குக் கேட்கிறோம். வீதியும் நிலந்தானே? நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு கார் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழப் பத்துச் சைக்கிள்களை நிறுத்தலாம். ஒரு பஸ் வண்டியில் செல்லும் ஐம்பது பேரையும் காருக்கு ஒருவராக ஏற்றினால் அந்த வரிசை ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திவரை நீளும். காலை வேளையில் காலி வீதியிலோ கண்டி வீதியிலோ நின்று பார்ப்பவருக்கு இது புரியாத கணக்கன்று. வீதியின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டு நிற்பவை ஓரிருவர் அமர்ந்த வாகனங்கள். எஞ்சிய இடத்திலே நெருக்கித் தள்ளப்படுபவர்கள் பெருந்தொகையான மக்கள். சிறுதொகையினர் பெருநிலத்தை வைத்திருப்பதைக் கிராமத்தில் கண்டால் கண்டிக்கும் நாம், நகரத்தில் கண்டால் ‘போக்குவரத்து நெரிசல்’ என்று பெயரிட்டு அமைதியடைகிறோம்.

இந்தப் பங்கீடு இயற்கையாக ஏற்பட்டதுமன்று. கொழும்பிலே டிராம் வண்டிகள் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. அவற்றை நடத்திய வெள்ளைக்காரக் கம்பனிக்கு எதிராக ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் 1929ஆம் ஆண்டு தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமும், அதையொட்டி மருதானையில் நிகழ்ந்த பொலிஸ் துப்பாக்கிச் சூடும் நமது தொழிலாளர் இயக்க வரலாற்றின் முக்கியமான பக்கங்கள். கொழும்பு மாநகர சபை 1944ஆம் ஆண்டில் டிராம் சேவையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1960ஆம் ஆண்டில் டிராம் மறைந்தது. 1953ஆம் ஆண்டில் வந்த மின் கம்பி பஸ்களும் 1964ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. புகை கக்காத போக்குவரத்தை இன்று புதுமை என்று விற்க வருபவர்கள், அதனை அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரம் அனுபவித்துப் பின்னர் கைவிட்டது என்பதை அறிந்துகொள்வது நன்று.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை நிறுவப்பட்டது. குறைகள் அதிலே பல இருந்தன. ஆயினும் இலாபம் தராத கிராமத்துக்கும் இரவில் கடைசி பஸ் போகவேண்டும் என்ற கொள்கை அதன் அடித்தளத்தில் இருந்தது. 1979ஆம் ஆண்டின் பின் வீதி மீண்டும் தனியார் பஸ்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று தொடங்கிய ஓட்டப்பந்தயத்தின் விளைவை, அடுத்த பஸ்ஸை முந்துவதற்காக வீதியோரத்துச் சைக்கிள்காரனை உரசிக்கொண்டு பறக்கும் வண்டிகளிலே நாம் நாளாந்தம் காண்கிறோம். சாரதியை மட்டும் ஏசிப் பயன் என்ன? நாள் முடிவில் முதலாளிக்குக் கட்டவேண்டிய தொகையை வீதியிலே துரத்திப் பிடிக்கும்படி அவனை விட்டவர்கள் யார்?

அண்மைக்கால உதாரணம் இன்னும் தெளிவானது. மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு ரயில் அமைப்பதற்கு 2019ஆம் ஆண்டில் ஜப்பானோடு கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில், செலவு மிகுதி, கொழும்புக்குப் பொருந்தாது என்ற காரணங்களைக் கூறி, அப்போதைய ஜனாதிபதியின் பணிப்பின்பேரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்களைத் தொகையாகச் சுமக்கும் ரயிலுக்குச் செலவு மிகுதி என்று கண்டுபிடித்த அதே கண்கள், கடன் வாங்கிக் கட்டப்பட்ட அதிவேக நெடுஞ்சாலைகளைக் கண்டபோது ஏன் கூசவில்லை? 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதியிலே பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடமில்லை. பாதுகாப்பைக் கருதிய விதி அது. அதிலே பஸ்களும் ஓடுகின்றன. இவற்றை நாம் மறுக்கவில்லை. கடனை அடைக்கும் கடமை எல்லோருடைய தோளிலும் ஏற்றப்பட்டது. கடனால் விளைந்த வேகம் சிலருக்கே எட்டியது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

* * *

பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் மக்கள் காத்துக் கிடந்தனர். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பின் பங்கீட்டு முறையிலே எரிபொருள் அளக்கப்பட்டது. அந்நாட்களிலேதான் துவிச்சக்கரவண்டியின் அருமை நமது உயர்குடியினருக்குத் தெரியவந்தது. கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தர்கள் சைக்கிளில் அலுவலகம் சென்ற படங்கள் பத்திரிகைகளை அலங்கரித்தன. உடலுக்கு ஆரோக்கியம், சுற்றாடலுக்கு நன்மை என்ற உபதேசங்கள் பொழிந்தன. அதே வேளையில் சைக்கிளின் விலையும் டயர், டியூபின் விலையும் ஏறிக்கொண்டே சென்று, தலைமுறை தலைமுறையாகச் சைக்கிளை நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக் கனியாயிற்று. இதைப் பற்றி உபதேசிகள் வாய் திறக்கவில்லை.

நெருக்கடி தணிந்தது, எரிபொருள் திரும்பியது, அத்தோடு ஞானமும் விடைபெற்றது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சைக்கிளில் அச்சமின்றிச் செல்லத்தக்க ஒரு தொடர்ச்சியான பாதை வலையை அமைப்பதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு வீணாயிற்று. 2020ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, பத்திரிகைப் பக்கங்கள் எந்தக் கார் என்ன விலை என்ற ஆராய்ச்சியில் மூழ்கின. அந்நியச் செலாவணியை விழுங்கிய வாய்களில் ஒன்றை மீண்டும் திறந்துவிட்டு, வீதியிலே மாற்றுவழி எதையும் அமைக்காதிருப்பது எவ்வகைப் பொருளாதாரம்?

யாழ்ப்பாணத்தார் இவ்விடத்தில் புன்முறுவல் செய்யலாம். 1990ஆம் ஆண்டிலிருந்து ஐந்தாண்டுகள் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோலின்றி ஒரு குடாநாடு முழுவதும் சைக்கிளில் இயங்கியது. நோயாளியும் சைக்கிளில் சென்றார். விறகுக் கட்டும் நெல் மூட்டையும் சைக்கிளில் சென்றன. மின்கலம் தடைசெய்யப்பட்டபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். மனித முயற்சியின் மாண்புக்கு இது சான்று. ஆனால் இதனைச் சைக்கிளின் பொற்காலம் என்று பாடுவோரை நாம் கண்டிக்கிறோம். வேறு வழி மறுக்கப்பட்ட மக்களின் கால்நோவைக் காவியமாக்குவது கொடுமை. வைத்தியசாலைக்கு வாகனம் இல்லாமையால் பிரிந்த உயிர்களையும் அதே காலம் கண்டது. பஸ்ஸும் ரயிலும் அம்புலன்ஸும் இருக்கும் நாட்டில், அஞ்சாமலும் அவமானப்படாமலும் சைக்கிளைத் தெரிந்தெடுக்கும் உரிமையையே நாம் கோருகிறோம். பஞ்சத்தால் மிதிப்பதும் உரிமையால் மிதிப்பதும் ஒன்றாகா.

* * *

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். நமது நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் சைக்கிள் ஒத்துவராது என்பர் சிலர். இவர்கள் யாழ்ப்பாணத்து வெயிலையும் மட்டக்களப்பு மாரியையும் அறியாதவர்களாதல் வேண்டும். உறைபனி பெய்யும் கோப்பன்ஹேகனில் மக்கள் ஆண்டு முழுவதும் சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர். வெயிலைக் குறைக்கும் வழி மரம். வீதி அகலிப்பின் பெயரால் வீதியோர மரங்களைத் தறித்தவர்களே இன்று வெயிலைக் காட்டி வாதாடுவது வேடிக்கை.

வீதி ஒடுங்கியது, சைக்கிளுக்கென ஒதுக்க இடமில்லை என்பது அடுத்த வாதம். இடம் இருக்கிறது, அதிலே கார்கள் தூங்குகின்றன. மேலும், பானையிலே சோறு குறைவாக இருந்தால் பந்தியில் எல்லோருக்கும் அளந்து போடுவதுதான் முறை. முதலில் அமர்ந்தவருக்கு மட்டும் வயிறாரப் படைப்பது முறையாகாது.

கொழும்பில் சைக்கிள் ஓட்டுவோரே குறைவு, யாருக்காகப் பாதை என்று கேட்போரும் உளர். பள்ளிக்கூடமே இல்லாத ஊரைக் காட்டி, இங்கே எழுத்தறிந்தவர் இல்லை, ஆகவே பள்ளிக்கூடம் தேவையில்லை என்று ஓர் அதிகாரி அறிக்கை எழுதினால் ஆசிரியர்களாகிய நீங்கள் அதை ஏற்பீர்களா? நமது நாட்டிலே ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் மடிகின்றனர். நடப்பவர்களும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர்களும் அவர்களிலே பெருந்தொகையினர். இதை அறிந்த தாய் தன் பிள்ளையின் கையில் சைக்கிளைக் கொடுக்க அஞ்சுவதில் வியப்பென்ன? அந்த அச்சத்தை உண்டாக்கிவிட்டு, ஆர்வம் இல்லை என்று அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள்.

நெதர்லாந்தைப் பார்த்தீர்களா, அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்பாரும் உண்டு. இதைவிடத் தவறான வரலாறு வேறில்லை. 1950, 60களில் அந்நாடும் காருக்கு வழிவிட்டு, சந்தைத் திடல்களைக் கார் நிறுத்துமிடமாக்கிச் சைக்கிளை ஓரங்கட்டியது. 1971ஆம் ஆண்டில் அங்கே 3,000க்கு மேற்பட்டோர் வீதியில் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். தம் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அயலாரும் ‘சிறுவர் கொலையை நிறுத்து’ என்ற பெயரில் இயக்கம் தொடங்கினர். வீதியை மறித்தனர், சைக்கிள்களோடு தெருவிலே படுத்தனர், அம்ஸ்டர்டாமின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதியிலே சிறுவர்களே தங்கள் தெருவைக் கார்களிடமிருந்து மீட்கப் போராடினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டம் தடைசெய்யப்பட்டபோது, வெறுமையான வீதி எப்படியிருக்கும் என்பதை நாடு முழுவதும் கண்டது. இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் அப்பாதைகள், வீதியில் இறங்கிப் போராடிய பெற்றோரின் வெற்றி. எண்ணெய் நெருக்கடியை அவர்களும் கண்டார்கள், நாமும் கண்டோம். அவர்கள் அதிலிருந்து பாதை அமைத்தார்கள். நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

* * *

இதுவரை சைக்கிளை இகழ்வோரோடு வாதிட்டோம். அதைப் புகழ்ந்துகொண்டே விழுங்க வருவோர் அவர்களினும் ஆபத்தானவர்கள்.

1965ஆம் ஆண்டிலே அம்ஸ்டர்டாமில் ‘புரோவோ’ என்ற இளைஞர் குழுவினர் சில சைக்கிள்களுக்கு வெள்ளைச் சாயம் பூசித் தெருவில் விட்டனர். பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, எவரும் எடுத்துச் சென்று, போகுமிடத்தில் விட்டுச் செல்லலாம். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது சட்டவிரோதம் என்று கூறிப் பொலிசார் அவற்றைப் பறிமுதல் செய்தனர். அரை நூற்றாண்டின் பின் அதே எண்ணத்தை மூலதனம் கைப்பற்றிக்கொண்டது. பூட்டு இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கழிகிறது. நீங்கள் எங்கே புறப்பட்டு எங்கே போனீர்கள் என்ற விபரமும் கம்பனியின் கணக்கில் ஏறுகிறது. 2014ஆம் ஆண்டில் பீஜிங்கில் தோன்றிய ‘ஓஃபோ’ கம்பனி நகரங்களைச் சைக்கிள்களால் நிரப்பியது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் கட்டுப்பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் அதன் வாசலில் வரிசையில் நின்றனர். சீன நகரங்களின் புறத்தே, கைவிடப்பட்ட வாடகைச் சைக்கிள்கள் மலைபோலக் குவிந்து கிடந்த காட்சியை உலகம் கண்டது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி, மின் ஸ்கூட்டர்களை உலக நகரங்களின் நடைபாதைகளில் இறைத்த ‘பேர்ட்’ கம்பனி 2023 டிசம்பரில் வங்குரோத்து மனுச் செய்தது. இலாபம் வரும்போது வீதி கம்பனியின் கடைத்தெரு. நட்டம் வரும்போது குப்பை அள்ளுவது மாநகர சபையின் தொழிலாளி.

பாரிஸ் நகரத்தின் அனுபவம் சிந்தனைக்குரியது. அங்கே மூன்று கம்பனிகள் ஏறத்தாழ 15,000 மின் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விட்டிருந்தன. 2023 ஏப்ரல் 2ஆந் திகதி நகர சபை மக்கள் தீர்ப்புக்கு விட்டது. வாக்களிக்க வந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை; வந்தவர்களுள் 89 வீதத்தினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாமென்றனர். அந்த ஓகஸ்ட் முடிவோடு அவை அகற்றப்பட்டன. இதைக் காட்டி, சிறு ஊர்திகளை மக்கள் வெறுக்கிறார்கள் என்று கார்ப் பிரியர்கள் மகிழ்ந்தனர். அவர்கள் சொல்லாது விட்டது இது: 2007ஆம் ஆண்டு முதல் நகர சபையின் பொறுப்பில் இயங்கும் பொதுச் சைக்கிள் சேவை அங்கே நீடித்தது, சைக்கிள் பாதைகளும் பெருகின. நகரம் நிராகரித்தது சிறு ஊர்தியையன்று. பொது நடைபாதையைத் தனியார் சரக்கறையாக்கும் உரிமையையே.

நமது நகரங்களுக்கும் இத்தகைய வாடகைக்காரர்கள் புதிய மொழி பேசிக்கொண்டு வருவார்கள். பசுமை என்பார்கள், எதிர்காலம் என்பார்கள். அவர்களை நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நீங்கள் பாதை அமைக்கிறீர்களா, அல்லது இருக்கும் ஒடுங்கிய நடைபாதையையும் எங்களிடமிருந்து எடுக்கிறீர்களா? பாதையில்லாத நகரத்தில் வாடகைச் சைக்கிளை இறக்குவது, குளம் வெட்டாமல் தோணி விற்பதற்கு ஒப்பானது.

* * *

முற்போக்கு முகாமில் உள்ள நண்பர்கள் சிலரோடும் நமக்கு வழக்கு உண்டு. சைக்கிள் பாதை கேட்பது நகரத்து மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, கூலிப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் இருக்க இது எதற்கு என்று அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். வேலைக்குப் போகும் வழியே கூலிப் பிரச்சினையின் ஒரு பகுதியல்லவா? ஒரு தொழிலாளியின் நாட்கூலியில் பஸ் கட்டணமும் முச்சக்கரவண்டிக் கட்டணமும் எவ்வளவைத் தின்கின்றன என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1894ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்மிங்காமில் ‘கிளேரியன்’ சைக்கிள் சங்கத்தைத் தொடங்கிய சமதர்மவாதிகள் சைக்கிளிலே ஊரூராகச் சென்று துண்டுப்பிரசுரம் பரப்பினர். 1954ஆம் ஆண்டில் தியன் பியன் பூ மலைகளுக்குள் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தைத் தோற்கடித்த வியட்நாமியருக்கு அரிசியும் தளபாடமும் சேர்த்தவற்றில் சைக்கிளும் ஒன்று. தண்டுகளைப் பலப்படுத்தி ஒவ்வொன்றிலும் 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிச் சென்றனர். இத்தாலிய இயக்குநர் டி சிக்கா 1948ஆம் ஆண்டில் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தைக் கண்டவர்கள், ஒரு சைக்கிள் களவு போனால் ஒரு குடும்பத்தின் சோறு களவு போகும் என்பதை மறந்திருக்க மாட்டார்கள்.

பெண் விடுதலையைப் பேசுவோருக்கும் இதிலே பங்குண்டு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர். கல்லுடைக்கும் பெண்ணும் விவசாயக் கூலிப் பெண்ணும் கணவனையோ பஸ்ஸையோ காத்திராமல் சந்தைக்கும் கிணற்றுக்கும் சென்று வந்தனர். வட இலங்கையில் பாடசாலை மாணவியர் வரிசையாகச் சைக்கிளில் செல்வது எவரும் வியக்காத காட்சி. கொழும்பிலே அக்காட்சி ஏன் அரிதாயிற்று? பெண்களின் துணிவு தெற்கே போனதும் குறைந்துவிடுமா? வீதி கொடியதாகும்போது முதலில் பின்வாங்க நேர்பவர்கள் பெண்களும் சிறுவரும் முதியோருமே. ஆகவே ஒரு வீதி நாகரிகமானதா என்று அளக்க வேண்டுமானால், அதிலே பன்னிரண்டு வயதுச் சிறுமி தனியாகச் சைக்கிளில் போகமுடியுமா என்று பார்த்தால் போதும்.

நமது கோரிக்கைகள் எளியவை. பெருவீதிகளிலே கல்வரம்பால் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை வேண்டும்; வெறும் வெள்ளைக்கோடு பஸ் சில்லைத் தடுக்காது. ஒவ்வொரு புகையிரத நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் காவலுடன் கூடிய சைக்கிள் தரிப்பிடம் வேண்டும். சைக்கிள் பொதுப் போக்குவரத்தின் போட்டியாளன் அன்று, வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடத்தும் தோழன். பாடசாலைகளைச் சுற்றி வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படலாகாது. 50இல் வரும் வாகனத்தின் மோதற் சக்தி 30இல் வருவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதைப் பௌதிக ஆசிரியர்கள் கரும்பலகையில் விளக்கலாம். சைக்கிளினதும் உதிரிப்பாகங்களினதும் விலை உழைப்பாளியின் கைக்கெட்டும்படி வரிக்கொள்கை அமைய வேண்டும். பொதுச் சைக்கிள் சேவை வருமாயின் அது உள்ளூராட்சிச் சபைகளின் உடைமையாக வரவேண்டும். மேம்பாலங்களுக்கும் அதிவேக வீதிகளுக்கும் பணம் கண்டுபிடித்த அரசுகள் இவற்றுக்குப் பணமில்லை என்று சொன்னால், அதை நம்புவது நமது அறிவுக்கு இழுக்கு.

ஆசிரியர்களே, மாணவர்களே! இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் உங்கள் பாடசாலை வாசலில் நின்று எண்ணுங்கள்: எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் சைக்கிளில், எத்தனை பேர் பஸ்ஸில், எத்தனை பேர் காரில்? ஒவ்வொரு கூட்டத்தினருக்கும் வீதியின் அகலத்தில் எத்தனை அடி விடப்பட்டுள்ளது என்று நாடா பிடித்து அளந்து, அந்தக் கணக்கை ஊர்ச்சுவரில் ஒட்டுங்கள். உங்கள் நகர சபை உறுப்பினரை அழைத்து வந்து அதன் முன்னே நிறுத்திப் பதில் கேளுங்கள். வீதியை மீட்கும் போராட்டம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.